கிராமத்துல கொரோனா கம்மின்னு யார் சொன்னது?

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஸ்ரீரங்கம் பெருமாளைச் சேவிக்க வர்ற சொந்தக்காரங்க, நண்பர்கள் எல்லாரும் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி எங்க தோட்டத்துக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போவாங்க. பேச்சு எங்கெங்கேயோ சுத்திக் கடைசியில கொரோனா காலத்துல வந்து நிக்கும். "உங்களுக்கென்னப்பா, நல்ல காத்து, பழைய சோறு, உழைக்கிற உடம்பு. உங்க பக்கம் அது வரவே இல்லையே" அப்படின்னு சொல்லாதவங்க குறைவு. வாட்ஸ்ஆப்ல வந்த செய்தி, டிவியில தினமும் சாயங்காலம் ஓடின மாவட்டப் பட்டியல், ரெண்டும் சேர்ந்து அவங்க மனசுல பதிஞ்ச முடிவு இது.

எனக்கு இந்தப் பேச்சு பிடிக்கறதில்லை. கிராமத்தைப் புகழ்றாங்கன்னு சந்தோஷப்பட முடியலை. ஏன்னா, அந்தப் புகழ்ச்சிக்கு அடியில எங்க பக்கத்துச் சாவுகள் கணக்குல வராமலே புதைஞ்சு கிடக்கு. "அங்க கம்மி"ன்னு ஒரு தடவை முடிவு பண்ணிட்டா, அடுத்த தடவை ஆக்சிஜன் படுக்கையும் டாக்டரும் ஆம்புலன்ஸும் எங்க போகும்னு நான் சொல்லணுமா? அதனால ஊருக்கு ஊர் தொற்றையும் சாவையும் எப்படி ஒப்பிடறது, எப்படி ஒப்பிடக் கூடாதுன்னு ஒரு விவசாயியா எனக்குப் பட்டதை இங்க எழுதறேன்.

முதல்ல வகுத்தல் கணக்கு.

ரெண்டு பேர் நெல் அறுத்திருக்காங்க. ஒருத்தருக்கு 100 மூட்டை, இன்னொருத்தருக்கு 60 மூட்டை. யாருக்கு மகசூல் நல்லா இருக்குன்னு கேட்டா, எங்க ஊர்ல அஞ்சாவது படிக்கிற பையன்கூட "எத்தனை ஏக்கர்?"னு திருப்பிக் கேட்பான். ஆனா கொரோனா எண்களைப் பார்க்கும்போது மட்டும் படிச்சவங்ககூட இந்தக் கேள்வியை மறந்துட்டாங்க.

திருச்சி மாவட்டத்துல மொத்தமாப் பதிவான தொற்று சுமார் 95,000. சாவு 1,100-க்குக் கொஞ்சம் மேல. கோயம்புத்தூர்ல தொற்று சுமார் 3.4 லட்சம், சாவு சுமார் 2,600. இதை வச்சு யாருக்கு மோசம்? தொற்று வந்த 100 பேர்ல எத்தனை பேர் இறந்தாங்கன்னு பார்த்தா திருச்சியில 1.2, கோவையில 0.8. அப்ப திருச்சிதான் மோசம், ஆஸ்பத்திரி சரியில்லைன்னு சொல்லிடலாம். அதே சாவை 2011 மக்கள்தொகையால வகுத்துப் பாருங்க. லட்சம் பேருக்குத் திருச்சியில 42, கோவையில 75. இப்ப கோவைதான் மோசம். அதே மாவட்டம், அதே எண்கள். எதால வகுக்கறோங்கிறதை மாத்தினா தீர்ப்பே தலைகீழாப் போகுது.

சென்னையை எடுத்தா இன்னும் வேடிக்கை. அங்க பதிவான சாவு சுமார் 9,000. 2018-ல சென்னை மாவட்டத்தோட எல்லையை விரிச்சுட்டாங்க. பழைய எல்லைக்குள்ள 2011-ல இருந்த 46 லட்சத்தால வகுத்தா லட்சத்துக்கு 195 வருது. விரிஞ்ச எல்லைக்குள்ள அப்ப இருந்த சுமார் 67 லட்சத்தால வகுத்தா 135-க்குள்ள வருது. வரப்பை நகர்த்தினாலே மகசூல் மாறும்னு எங்களுக்குத் தெரியும். டிவியில பட்டியல் போட்டவங்க வரப்பு எங்க இருக்குன்னே பார்க்கலை.

இதுல 'தொற்று வந்தவங்க' அப்படிங்கிற எண்ணே டெஸ்ட் எடுத்தவங்களைப் பொறுத்தது. டெஸ்ட் எடுத்தாத்தான் தொற்று. எடுக்கலைன்னா வெறும் காய்ச்சல். தமிழ்நாட்டுல ஏறக்குறைய முழுக்க ஆர்.டி.-பி.சி.ஆர். பரிசோதனைதான் செஞ்சாங்க. வேற பல மாநிலங்கள்ல சீக்கிரம் முடிவு சொல்ற ரேபிட் கிட்டையும் நிறையப் பயன்படுத்தினாங்க. அளக்கற படியே வேற வேறயா இருக்கும்போது எந்த மாநிலம் முதல், எது ரெண்டாவதுன்னு ராங்க் போட்டதுல என்ன அர்த்தம்?

எங்க பக்கத்துல ஏன் டெஸ்ட் எடுக்கலைன்னும் சொல்லிடறேன். 2020-ல ஒரு வீட்டுல பாசிட்டிவ்னு வந்தா, வாசல்ல தகரம் அடிச்சாங்க, தெரு முழுக்க பிளீச்சிங் பவுடர் போட்டாங்க. அந்த வீட்டுப் பாலை யாரும் வாங்கலை. அந்த வீட்டு ஆளை வாழைத்தார் வெட்டக் கூப்பிடலை. தினக்கூலிக்குப் போறவனுக்கு 14 நாள் வேலை இல்லைன்னா அடுப்பு எரியாது. காய்ச்சல் வந்தா மருந்துக்கடையில ரெண்டு பாராசிட்டமால் வாங்கி முழுங்கிட்டு, கஷாயம் குடிச்சுட்டு, மூணாம் நாள் வயலுக்குப் போனவங்கதான் அதிகம். இதை அறியாமைன்னு எழுதறவங்க ஒருநாள் கூலி வேலைக்குப் போய்ப் பார்த்தா புரியும்.

சரி, டெஸ்ட் எடுக்காதவங்களை எப்படிக் கணக்குப் பண்றது? இதுக்கு எங்க தொழில்லயே ஒரு வழி இருக்கு. பயிர்க் காப்பீட்டுக்காக ஒவ்வொரு போகத்துலயும் பயிர் அறுவடைப் பரிசோதனைன்னு நடத்துவாங்க. ஊர்ல எல்லா வயலையும் அளக்க முடியாது. அதனால குலுக்கல் முறையில சில வயல்களை எடுத்து, அதுல 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அந்த அளவுக்கு மட்டும் அறுத்து எடை போட்டு, ஊரோட மகசூலைக் கணக்கிடுவாங்க. விவசாயி வாய்ல சொல்றதை வச்சு முடிவு பண்ண மாட்டாங்க. அதே மாதிரி, குலுக்கல்ல ஆட்களைத் தேர்ந்தெடுத்து, ரத்தத்துல அந்தக் கிருமிக்கான எதிர்ப்பணு இருக்கான்னு பார்த்தா, ஊர்ல எத்தனை பேருக்கு வந்துட்டுப் போச்சுன்னு தெரியும்.

தமிழ்நாடு அரசு 2020 அக்டோபர், நவம்பர்ல அப்படி ஒரு ஆய்வு செஞ்சது. மாநிலம் முழுக்கப் பார்த்தா பெரியவங்கள்ல மூணுல ஒருத்தருக்குக் கொஞ்சம் குறைவா, சுமார் 32 சதவீதம் பேருக்கு எதிர்ப்பணு இருந்தது. மாவட்ட வாரியாப் பார்த்தா குறைவு நீலகிரியில, 11 சதவீதம். ரொம்ப அதிகம் எங்க தெரியுமா? சென்னையில இல்லை, கோவையில இல்லை. எங்க பக்கத்து மாவட்டமான பெரம்பலூர்ல, 51 சதவீதம்!

இங்க கொஞ்சம் நின்னு யோசிக்கணும். தினசரிப் பட்டியல்ல மாநிலத்திலேயே ரொம்பக் குறைவா எண்ணிக்கை காட்டின மாவட்டங்கள்ல பெரம்பலூரும் ஒண்ணு. அந்த வருஷக் கடைசியில மொத்தமே ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். மாவட்டத்தோட மக்கள்தொகை 5.65 லட்சம். பெரியவங்கள்ல பாதிப் பேருக்கு வந்துட்டுப் போச்சுன்னா அதுவே ரெண்டு லட்சத்தை ஒட்டி வரும். அதாவது வந்தவங்கள்ல நூத்துக்கு ஒண்ணு, ரெண்டு பேரைத்தான் பட்டியல் பார்த்தது. மிச்சப் பேர் மக்காச்சோளக் கொல்லையிலயும் பருத்திக் காட்டுலயும் இருமிக்கிட்டே வேலை பார்த்திருக்காங்க. "பெரம்பலூர்ல கொரோனா கம்மி"ன்னு நாம டிவியைப் பார்த்துச் சொல்லிக்கிட்டு இருந்தோம்.

நியாயமா ஒண்ணைச் சொல்லணும். திறந்தவெளி, தள்ளித் தள்ளி வீடு, இதெல்லாம் முதல் அலையில கொஞ்சம் காப்பாத்தியிருக்கு. அதே ஆய்வுல நகரத்துல சுமார் 37 சதவீதம், கிராமத்துல 27 சதவீதம்னுதான் வந்தது. நல்ல காத்துக்கு உண்டான மரியாதை அந்தப் பத்துதான். அதுவும் நிலைக்கலை. ரெண்டாவது அலை அடிச்சு முடிச்ச 2021 ஜூன், ஜூலையில ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க எடுத்த ஆய்வுல நகரம் சுமார் 70, கிராமம் சுமார் 67. பழைய சோறும் கம்பங்கூழும் நானும் சாப்பிடறேன், உடம்புக்கு நல்லது. ஆனா அது டெல்டா கிருமியை வாசல்ல நிறுத்திச்சுன்னு சொன்னா அது பொய்.

அடுத்தது சாவு. இதுலதான் என் ஆதங்கம் எல்லாம்.

தொற்றை மறைக்கலாம், மறக்கலாம். சாவை மறைக்க முடியாதுன்னு நினைப்போம். பிணம் பிணம்தானே. ஆனா அந்தச் சாவு எந்த ஊர்ப் புத்தகத்துல, என்ன காரணம்னு ஏறுதுன்னு பாருங்க. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல வந்தது. சாவு எங்க நடந்ததோ அங்கதான் பதிவு. துறையூர் பக்கத்துக் கிராமத்துக்காரர் நாற்பது கிலோமீட்டருக்கு மேல வந்து திருச்சியில ஒரு ஆஸ்பத்திரியில இறந்தா, அது திருச்சி மாநகராட்சிப் பதிவு. ஊர் கிராம நிர்வாக அலுவலர் புத்தகத்துல அவர் பேர் இருக்காது. பாடை எங்க ஊருக்கு வரும், கணக்கு நகரத்துலயே தங்கிடும். நகரத்துல சாவு அதிகம், கிராமத்துல கம்மின்னு சொல்றப்ப இதையும் கழிச்சுப் பார்க்கணும்.

வீட்டுலயே இறந்தவங்க விஷயம் வேற மாதிரி. இந்தியாவுல பதிவாகிற சாவுகள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒண்ணுக்குத்தான் டாக்டர் கையெழுத்துப் போட்டுக் காரணம் சொல்றார். மிச்சமெல்லாம் வீட்டுக்காரங்க வாய்மொழி. வயசாயிடுச்சு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், அவ்வளவுதான். அது கொரோனாவான்னு யாரும் கேட்கலை. கேட்டாலும் சொல்ல யாருக்கும் மனசு வரலை. ஏன்னா சொன்னா இருபது பேர்கூட எடுத்துட்டுப் போக வரமாட்டாங்க. பிளாஸ்டிக் உறையில சுத்திக் கொடுத்துடுவாங்கங்கிற பயம். பெத்த தகப்பனுக்கு வாய்க்கரிசி போடணும்னு ஒரு மகன் நினைச்சது குற்றமா?

ஆஸ்பத்திரியில சேர்ந்தவங்களுக்கும் எல்லாருக்கும் சரியான காகிதம் கிடைக்கலை. நுரையீரல் ஸ்கேன்ல அத்தனையும் தெரியும், ஆனா டெஸ்ட்ல நெகட்டிவ். இறந்தா நிமோனியான்னு எழுதுவாங்க. 2021-ல அறப்போர் இயக்கம் ஆறு அரசு ஆஸ்பத்திரிகள்ல வழங்கின இறப்புச் சான்றிதழ்களை எடுத்து, அரசு வெளியிட்ட கோவிட் சாவு எண்ணிக்கையோட ஒப்பிட்டுப் பார்த்து, பல மடங்கு வித்தியாசம் இருக்குன்னு அறிக்கை வெளியிட்டது. அந்த ஆறுல எங்க திருச்சி பெரியாஸ்பத்திரியும் ஒண்ணு.

சென்னையிலயே என்ன நடந்ததுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2020 ஜூலை 22-ந் தேதி, விட்டுப்போன 444 சாவுகளை ஒரே நாள்ல பட்டியல்ல சேர்த்தாங்க. மாநகராட்சிப் புத்தகத்தையும் சுகாதாரத் துறைப் பட்டியலையும் பக்கத்துல வச்சுப் பார்த்ததாலதான் அது வெளியில வந்தது. பிறகு லான்செட் குழுமத்தோட தொற்றுநோய் இதழ்ல வந்த ஒரு ஆய்வு, 2020 மார்ச்சிலிருந்து 2021 ஜூன் வரை சென்னையில பதிவான எல்லாச் சாவுகளையும் எண்ணிப் பார்த்தது. மொத்தம் 87,870. வழக்கமான வருஷங்களை வச்சு எதிர்பார்த்ததைவிட சுமார் 26,000 அதிகம். அந்தக் காலத்துக்கு அரசுப் பட்டியல் காட்டின கோவிட் சாவு சுமார் 8,000. தலைநகரத்துலயே, டிவி கேமராவுக்கு முன்னாலயே, மூணு மடங்கு வித்தியாசம். எங்க கொள்ளிடக் கரையில எத்தனை மடங்கு இருந்திருக்கும்?

ஸ்ரீரங்கத்தையும் வடகரைக் கிராமத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தா இன்னொரு விஷயம் புரியும். நடுவுல ஓடறது ஒரு கொள்ளிடம்தான். ஆனா உத்திர வீதி, சித்திரை வீதியில வீட்டுக்கு வீடு வயசான அப்பா அம்மா. பிள்ளைங்க சென்னையில, அமெரிக்காவுல. அவங்க மேல கிருமி பட்டா ஆபத்து ஜாஸ்தி. அதே சமயம் அவங்களுக்கு போன் பண்ணா வீட்டுக்கே வந்து சளி மாதிரி எடுத்துட்டுப் போற லேப் இருந்தது, பணம் கட்டப் பிள்ளை இருந்தான். அதனால அங்க தொற்றும் பதிவாகும், சாவும் காரணத்தோட பதிவாகும். இந்தப் பக்கம் செங்கல் சூளையிலயும் வாழைத் தோட்டத்துலயும் வேலை பார்க்கிறவங்கள்ல இளவட்டம் நிறைய. சாவு கொஞ்சம் குறைவா இருக்கறது இயல்பு, பதிவு அதைவிடக் குறைவா இருக்கறதும் நடக்கும். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காம "தீவுல நிறைய, கரையில கம்மி"ன்னு சொன்னா அது ஈரப்பதம் பார்க்காம நெல்லை எடை போடற மாதிரி. கொள்முதல் நிலையத்துல 17 சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா மூட்டையைத் திருப்பி அனுப்பறாங்க. வயசுங்கற ஈரத்தைக் கழிக்காத சாவுக் கணக்கையும் அப்படித் திருப்பி அனுப்பணும்.

மாநிலங்களை ஒப்பிட்டாலும் இதே கதைதான். 2021 கணக்குப்படி 60 வயசுக்கு மேற்பட்டவங்க கேரளாவுல நூத்துக்கு 16 பேருக்கு மேல, தமிழ்நாட்டுல 13-க்கு மேல, பீகார்ல 8 பேர்கூட இல்லை. கேரளாவுல பதிவான கோவிட் சாவு 70,000-ஐத் தாண்டிடுச்சு. நம்ம மாநிலத்துல சுமார் 38,000. நம்ம ஜனத்தொகை அவங்களைப்போல ரெண்டு மடங்கு. அப்ப கேரளா கோட்டை விட்டுடுச்சா? 2021 ஜூன், ஜூலையில எதிர்ப்பணு ஆய்வு எடுத்தப்ப கேரளாவுல 44 சதவீதம் பேருக்குத்தான் தொற்றோ தடுப்பூசியோ எட்டின அடையாளம் இருந்தது. தமிழ்நாட்டுல சுமார் 69, மத்தியப் பிரதேசத்துல 79. அதாவது கேரளாவுல நோய் மெதுவாத்தான் பரவியிருக்கு. அவங்க வந்ததை எண்ணினாங்க, விட்டுப்போன சாவுக்கு மேல்முறையீடு வந்தா அதையும் திரும்பச் சேர்த்தாங்க. ஒழுங்காக் கணக்கு எழுதினவன் கடன்காரன் மாதிரித் தெரியறான், நோட்டே வைக்காதவன் பணக்காரனாத் தெரியறான்.

மறுபக்கம் பாருங்க. பீகார் அரசு 2021 ஜூன்ல ஒரே நாள்ல தன்னோட சாவுக் கணக்கை சுமார் 5,400-லிருந்து 9,400-க்கு உயர்த்திச்சு, அதுவும் நீதிமன்றம் கேள்வி கேட்ட பிறகு. குஜராத்துல 2021-ல பதிவான மொத்தச் சாவு அதுக்கு முந்தின வருஷத்தைவிட ஏறக்குறைய ரெண்டு லட்சம் அதிகம். அந்த வருஷம் அந்த மாநிலம் காட்டின கோவிட் சாவு ஆறாயிரத்துக்குள்ள.

நாடு முழுக்க மத்திய அரசோட பதிவுக் கணக்கு இது: 2019-ல 76.4 லட்சம் சாவு, 2020-ல 81.2 லட்சம், 2021-ல 1 கோடியே 2 லட்சம். ஒரே வருஷத்துல 21 லட்சம் கூடியிருக்கு. பதிவு செய்யற பழக்கம் கூடினதாலயும் கொஞ்சம் ஏறியிருக்கும், ஒத்துக்கறேன். மக்கள்தொகை கூடினதுக்கும் கொஞ்சம் கழிச்சுக்கலாம். ஆனா 21 லட்சமும் அதுலயே போயிடுமா? 2020, 2021 ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து இந்தியாவுல 47 லட்சம் பேர் கூடுதலா இறந்திருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாசம் சொன்னப்ப, நம்ம அரசு கணக்கிட்ட முறையே தப்புன்னு மறுத்தது. அரசுக் கணக்கு 4.8 லட்சம்தான். எது சரின்னு நிபுணர்கள் சண்டை போடட்டும். சண்டையைத் தீர்க்க வேண்டிய 2021 பதிவுக் கணக்கை 2025 மே மாசம்தான் வெளியிட்டாங்க. நாலு வருஷம்! எங்க ஊர் நெல் வியாபாரிகூட நாலு வருஷம் கணக்குச் சொல்லாம இழுத்தடிக்க மாட்டார்.

இன்னொரு தப்பு, ஒரே தேதியில எல்லா ஊரையும் ஒப்பிடறது. குறுவை அறுவடை ஆகிற நாள்ல சம்பா வயலைப் பார்த்தா அது பச்சையாத்தான் இருக்கும். அதுல மகசூல் இல்லைன்னு சொல்வீங்களா? 2020 மே மாசம் கோயம்பேடு மார்க்கெட்லேருந்து திரும்பின தொழிலாளிகளோட நோய் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர்னு லாரியேறி வந்தது. பஸ் நின்னா நிக்கும், சந்தை நின்னா நிக்கும், திறந்தா திரும்ப நகரும். எங்க காந்தி மார்க்கெட்டை மூடிட்டு ஜி கார்னர் மைதானத்துக்கு மாத்தினதும் அதுக்காகத்தான். அந்த வருஷம் ஆடிப்பெருக்கு முழு ஊரடங்கு ஞாயித்துக்கிழமையில வந்தது, அம்மா மண்டபம் படித்துறையில ஆளே இல்லை. ரங்கநாதர் கோயில் செப்டம்பர் 1-ந் தேதி வரைக்கும் பூட்டியே இருந்தது. அந்த மாசங்கள்ல கம்மியா இருந்த எண்ணைப் பார்த்து, "தப்பிச்சுட்டோம்"னு ஒரு நினைப்பு இந்தப் பக்கம் எல்லாருக்குமே வந்தது.

2021-ல ஏப்ரல் 6 தேர்தல், பிரசாரக் கூட்டம், திருவிழா, கல்யாணம். மே 21-ந் தேதி மாநிலத்துல ஒரே நாள்ல 36,184 பேருக்குத் தொற்று. சென்னை இறங்க ஆரம்பிச்சு, கோவை சென்னையைத் தாண்டிப் போனது அந்த மாசக் கடைசியில. "குறையுது, குறையுது"ன்னு சென்னைச் சேனல்கள் சொல்லிக்கிட்டு இருந்த அந்த வைகாசியிலதான் எங்க பக்கத்துல சாவு சேதி வராத வாரமே இல்லை. மேட்டூர் திறக்கப் போறாங்க, நாத்து விடணும்னு வயலைத் தயார் பண்ணிக்கிட்டு இருந்தவங்க, துக்கத்துக்குப் போகலாமா வேண்டாமான்னு தவிச்சாங்க.

நூறு வருஷத்துக்கு முந்தியும் இதே பாடம் இருந்தது. 1918-ல பம்பாய் துறைமுகத்துல இறங்கி ரயிலேறி நாடு முழுக்கப் போன விஷக் காய்ச்சல் ஒரு கோடிக்கும் மேல பேரைக் கொன்னது. பம்பாய், மத்திய மாகாணம் பக்கம் ரொம்ப அதிகம், நம்ம சென்னை மாகாணத்துல அதைவிடக் குறைவுன்னு இன்னிக்கு நம்மால சொல்ல முடியுது. எப்படி? கிராம முன்சீப் எழுதி வச்ச சாவுப் புத்தகமும், பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்த குடிக்கணக்கும் இருந்ததால. 1911-க்கும் 1921-க்கும் நடுவுல இந்திய மக்கள்தொகையே குறைஞ்சதைக் காட்டினதும் அந்தக் குடிக்கணக்குதான். கிராம முன்சீப் பதவி 1980-ல போயிடுச்சு, புத்தகம் இப்ப கிராம நிர்வாக அலுவலர்கிட்ட இருக்கு. 2021-ல எடுக்க வேண்டிய குடிக்கணக்கைத் தள்ளிப் போட்டுட்டாங்க. வகுக்கறதுக்கு இன்னமும் 2011-ஐத்தான் எடுக்க வேண்டியிருக்கு, மேல நானும் அதைத்தான் செஞ்சேன்.

இதெல்லாம் வெறும் புள்ளிவிவரச் சண்டைன்னு நினைக்காதீங்க. இதுக்குள்ள காசு இருக்கு, சோறு இருக்கு. உச்ச நீதிமன்றம் தலையிட்டதால 2021 அக்டோபர்ல கோவிட்ல இறந்தவங்க குடும்பத்துக்கு 50,000 ரூபாய்னு முடிவாச்சு. பாசிட்டிவ் சீட்டோ, ஆஸ்பத்திரி டாக்டர் கோவிட்னு எழுதினதோ இருக்கணும். எங்க தெருவுல வாழைத்தார் சுமக்கிற தொழிலாளி ஒருத்தர் அந்த மே மாசம் ஒரு வாரம் காய்ச்சல்ல கிடந்து, மூச்சு வாங்கி, 108 வர்றதுக்கு முன்னாலயே போயிட்டார். டெஸ்ட் எடுக்கலை. அவர் சம்சாரம் கையில இருக்கற சான்றிதழ்ல காரணம்னு ஒண்ணும் இல்லை. மாவட்டக் குழுவுக்கு மனு போடலாம்னு சொன்னோம். "எதைக் காட்டி மனு போடறதுண்ணே?"ன்னு அந்தம்மா கேட்டதுக்கு எங்க யார்கிட்டயும் பதில் இல்லை. இப்ப அவங்க நூறு நாள் வேலைக்கும் களை எடுக்கவும் போய் ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாங்க. "கிராமத்துல கம்மி"ன்னு நீங்க சொல்றப்ப, அந்தக் கம்மியில விட்டுப்போன ஒரு ஆள் அவர்.

குறை சொல்லிட்டு மட்டும் போகக் கூடாது. என் யோசனை இதுதான்.

ஒண்ணு, அடுத்த தடவை எந்தத் தொற்று வந்தாலும் தொற்று எண்ணிக்கையை முதல்ல போடாதீங்க. மொத்தச் சாவைப் போடுங்க. காரணமே தெரியாட்டியும் பரவாயில்லை. இந்த மாசம் இந்த ஒன்றியத்துல இத்தனை பேர் இறந்தாங்க, முந்தின அஞ்சு வருஷத்துல இதே மாசம் சராசரி இத்தனை. இந்த ரெண்டு எண்ணு போதும். மழையளவை அப்படித்தானே சொல்றீங்க? "இயல்பைவிட இத்தனை சதவீதம் அதிகம்"னு வானிலைக்காரங்க சொன்னா ஒவ்வொரு விவசாயிக்கும் புரியுது. சாவையும் அப்படிச் சொன்னா எல்லாருக்கும் புரியும்.

ரெண்டு, சாவு எங்க நடந்ததுன்னு எழுதறதோட, இறந்தவர் எந்த ஊர்ங்கிறதையும் வச்சு ஒரு கணக்கு வெளியில வரணும். பதிவுப் படிவத்துல முகவரி இருக்கத்தான் செய்யுது. அதைப் பிரிச்சுப் போட ஒரு கம்ப்யூட்டரும் மனசும் இருந்தா ஆச்சு. அப்பத்தான் மணப்பாறையிலேருந்தும் துறையூர்லேருந்தும் எத்தனை பேர் திருச்சிக்கு வந்து இறந்தாங்க, அங்கேயே ஆக்சிஜன் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேட்க முடியும்.

மூணு, நம்ம மாநிலத்துல வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடணும். வரவு செலவு வாசிக்கிற அதே கூட்டத்துல, போன கூட்டத்துக்கு அப்புறம் ஊர்ல எத்தனை பிறப்பு, எத்தனை இறப்புன்னும் வாசிக்கணும். பேர் வேண்டாம், எண்ணிக்கை போதும். விட்டுப்போனது இருந்தா அங்கேயே ஒரு கிழவி எழுந்து "என் மருமவன் பேரு எங்க?"ன்னு கேட்டுடுவா. அதைவிடச் சிறந்த தணிக்கை கிடையாது.

நகரத்துல இருக்கற உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. உங்க அப்பா அம்மா, தாத்தா பாட்டி ஊர் எதுவோ, அங்க நடந்த சாவுகள் பதிவாகியிருக்கா, சான்றிதழ்ல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை விசாரிங்க. 21 நாளுக்குள்ள பதிவு பண்ணணும்னு ஊர்ல பல பேருக்குத் தெரியாது. நீங்க போன்ல சொன்னா கேட்பாங்க. அப்புறம், எந்த ஊர் எந்த ஊரைவிட மேல்னு ஒரு பட்டியல் உங்க கைக்கு வந்தா, அனுப்பறதுக்கு முன்னால மூணே கேள்வி கேளுங்க: எதால வகுத்தது? யாரை எண்ணலை? எந்த மாசத்துது?

நல்ல காத்தும் நல்ல தண்ணியும் எங்ககிட்ட இருக்கறது நிஜம். வாங்க, இருந்துட்டுப் போங்க, ஒரு சீப்பு பூவன் சும்மாவே தர்றேன். ஆனா எங்க ஊர்ல நோய் கம்மின்னு சொல்றதுக்கு முன்னால, எங்க ஊர்ல டாக்டர் எத்தனைன்னு கேளுங்க. அந்தக் கணக்கு உண்மையிலேயே கம்மி.